இடப்பக்கத் தழும்பு

ஒரு மணிக்குள் சொல்லிவிட வேண்டும். இப்போது மணி பன்னிரண்டே கால். வெந்நீர் வாங்கப் போகிறேன் என்று பிளாஸ்க்கைத் தூக்கிக்கொண்டு நாலாவது மாடியிலிருந்து இறங்கி வந்து ஆஸ்பத்திரி கேண்டீன் வரிசையில் நிற்கிறேன். வெந்நீர் ஒரு சாக்குதான். பிளாஸ்க்கில் பாதிக்கு மேல் இருந்தது, அதைக் குழாயடியில் கவிழ்த்துவிட்டுத்தான் கிளம்பினேன், அத்தை பார்த்திருந்தால் நல்ல வெந்நியக் கொட்டுதாளே என்று அதற்கும் ஒரு பார்வை பார்த்திருப்பாள். சொல்ல வேண்டியது நாலே வாக்கியம். பதினெட்டு வயதில் எனக்கு இடது பக்கத்துச் சினைப்பையை ஆபரேஷன் செய்து எடுத்துவிட்டார்கள். அதை மறைத்துத்தான் என்னை உங்கள் வீட்டில் கட்டிக்கொடுத்தார்கள். மிச்சமிருந்த ஒன்றோடுதான் அகிலனைப் பெற்றேன். அதனால் உங்கள் தங்கச்சி கலாவுக்கும் இந்த ஆபரேஷனால் ஒன்றும் ஆகாது, கையெழுத்துப் போடுங்கள் அத்தான். அவ்வளவுதான். சேவை மையத்தில் ஒரு நாளைக்கு நாற்பது மனு அடிக்கிறவள் நான், வருமானச் சான்று, வாரிசுச் சான்று, யாரோ ஒருவருடைய முழுக்கதையையும் நாலு வரியில் அடக்கித் தட்டிவிடுவேன், விவரத்தை உள்ளபடி சொல்லுங்கய்யா, மறைச்சா பின்னால மனு திரும்பி வந்துரும் என்று எதிரே உட்கார்ந்திருக்கிற பெரியவர்களை அதட்டவும் செய்வேன். என் மனு எட்டு வருஷமாக என்னிடமே கிடக்கிறது. யார் அதட்டுவது என்னை? நானேதான் அதட்டிக்கொள்ள வேண்டும். செல்வி, ஒரு மணிக்குள் சொல்லிவிட வேண்டும். இரண்டு மணிக்கு ஆபரேஷன் தியேட்டர், ஒரு மணிக்குள் கையெழுத்தானால் இன்றைக்கே செய்துவிடலாம், இல்லையென்றால் சர்ஜன் வெளியூர் போகிறார், இனித் திங்கட்கிழமைதான் என்று டாக்டர் ஜெசிந்தா காலையில் சொல்லிவிட்டுப் போனார். திங்கட்கிழமை வரைக்கும் தாங்குவாளா டாக்டர் என்று கேட்டதற்கு, நேத்தைக்கே மூச்சு ரெண்டு தடவை தடுமாறிடுச்சு, அதுக்கு மேல நான் எதுவும் சொல்ல முடியாதும்மா என்றார். சம்மதப் படிவத்தை என் கையில்தான் கொடுத்தார், என் புருஷன் வாங்கக் கை நீட்டாததைப் பார்த்துவிட்டு.

வரிசை நகரவில்லை. வெந்நீ பத்து நிமிஷமாகும், பாய்லர்ல இப்பத்தான் தண்ணி ஊத்தியிருக்கு என்று டீ மாஸ்டர் கத்துகிறார். எனக்குள் இருக்கிற கோழை அதைக் கேட்டதும் நல்லதாப் போச்சு என்றாள். எனக்கு முன்னால் நிற்கிற அம்மா மூன்று பாட்டிலை மார்போடு அணைத்துக்கொண்டு திரும்பி, யாருக்கும்மா முடியல என்று கேட்டார். எங்க நாத்தனாளுக்கு. எத்தனை நாளா? இங்க பதினோரு நாளு. அடி ஆத்தி, நாத்தனாளுக்கு எவ இப்பிடி வந்து கெடப்பா, உம் புருசன் குடுத்து வச்சவருதான் போ. நான் சிரித்துவைத்தேன். குடுத்து வச்சவர்! கோமதிநாயகம், புளியங்குடி எலுமிச்சை மண்டியில் காயைக் கையில் எடுத்த மாத்திரத்தில் இது முதல் தரம், இது ரெண்டு, இது ஊறுகாய்க்கு என்று கண்ணை மூடிக்கொண்டு பிரிக்கிற மனுஷன், இப்போது நாலாவது மாடியில் சுவரோரமாகத் தரையில் உட்கார்ந்திருக்கிறார், சட்டைப் பொத்தானை மாற்றிப் போட்டுக்கொண்டு. அதை நான்தான் சரிசெய்ய வேண்டும். இட்லியைப் பிட்டு நான்தான் கையில் வைக்க வேண்டும், வைத்தால் தின்பார், வைக்காவிட்டால் அதைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருப்பார். சாயங்காலம் அரைமணி நேரம் ஐ.சி.யூ.வுக்குள் விடுவார்கள், ஒருத்தருக்குத்தான் அனுமதி, அவர்தான் போவார், போய்க் கலாவின் பாதத்தைப் பிடித்து அழுத்திக்கொண்டு நிற்பார், வெளியே வந்ததும் ஒவ்வொரு நாளும் ஒரே கேள்விதான். செல்வி, அவ என்னயப் பாத்தாளா, நீ கண்ணாடி வழியாப் பாத்தியா, அவ கண்ணு எம்பக்கம் திரும்பிச்சா? திரும்பவில்லை. அவள் கண் திறந்துதான் இருக்கிறது, எதையும் பார்க்கவில்லை, வாய் மட்டும் எதையோ மென்றுகொண்டே இருக்கிறது, வெறும் வாய். கொஞ்சம் திரும்பிச்சு அத்தான் என்று முதல் நாலு நாள் சொன்னேன். ஐந்தாம் நாள் சொல்ல முடியவில்லை. அவரைத் தாங்குவதுதான் இந்தப் பதினோரு நாளாக என் வேலை, அதை ஒழுங்காகத்தான் செய்கிறேன், ஆனால் அவரை நிஜமாகத் தாங்கக்கூடிய ஒன்றை வயிற்றுக்குள் ஒளித்துவைத்துக்கொண்டு இட்லியைப் பிட்டுக் கொடுக்கிறேனே, இதென்ன தாங்கல்? என்மேலேயே எனக்கு எரிச்சல் வருகிறது.

எங்கே தொடங்கியது? திருநெல்வேலி ஹாஸ்டலிலிருந்து வார்டன் போன். உங்க பொண்ணு ஒரு வாரமாத் தூங்கலை, வந்து கூட்டிட்டுப் போங்க. கலாவுக்கு இருபது வயது, சூர்யகலா, விலங்கியல் இரண்டாம் வருஷம், நான் கல்யாணமாகி வந்தபோது பன்னிரண்டு வயசுக் குட்டி, மயினி, எங்கண்ணன் ஒங்களுக்குப் பயப்படுதானா, நீங்க எங்கண்ணனுக்குப் பயப்படுதியளா, சீக்கிரம் ஒரு முடிவுக்கு வாங்க, நான் எந்தக் கட்சின்னு தெரியணும்லா என்று மூன்றாம் நாளே கேட்டவள். அவள் வேனிலிருந்து இறங்கியபோது தலை சீவாமல், ஒரு காலில் மட்டும் செருப்போடு இறங்கினாள். அண்ணே, ஃபேனுக்குள்ள இருந்து எம் பேரச் சொல்லுதாவ, ஆஃப் பண்ணாலும் சொல்லுதாவ என்றாள். சிரித்தாள், உடனே அழுதாள், சோற்றில் மருந்து கலந்திருக்கிறது என்று தட்டை விசிறினாள். பயந்திருக்கா என்றாள் அத்தை. பேயோட்டக் கோடாங்கியைக் கூட்டிவந்தார்கள். ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போவோமே என்று நான் அடுப்படியில் நின்று ஒரு தடவை சொன்னேன், ஒரே தடவை. வயசுக்கு வந்த புள்ளைய மனநோய் ஆஸ்பத்திரில காட்டுனா நாளைக்கு எவன் வந்து கெட்டுவான், நீ வெளிய இருந்து வந்தவ, ஒனக்கு அது தெரியாது என்றாள் அத்தை. நான் பருப்பைக் கிண்டப் போய்விட்டேன். வேப்பங்குலையால் அடிக்கும்போது கலாவின் இரண்டு கையையும் பின்னால் சேர்த்துப் பிடித்துக்கொண்டது அவர்தான், அண்ணன், கண்ணை இறுக்க மூடிக்கொண்டு பிடித்திருந்தார். அண்ணே விடுண்ணே, அண்ணே விடுண்ணே. பதினேழு நாள் இப்படிப் போனது. பதினெட்டாம் நாள் வலிப்பு வந்து முற்றத்தில் விழுந்தபிறகுதான் மதுரை. இங்கே வந்து முதுகுத்தண்டில் ஊசி போட்டு நீர் எடுத்து எங்கேயோ அனுப்பி, மூன்று நாளைக்கு முன்னால் முடிவு வந்து, இது பேயுமில்லை மனநோயுமில்லை, மூளையில் வந்திருக்கிற அழற்சி, பல லட்சம் பேரில் ஒருத்தருக்கு வருகிறது, இவளுடைய உடம்பே இவளுடைய மூளையைத் தாக்குகிறது என்று டாக்டர் ஜெசிந்தா சொன்னபோது அவர் கேட்டது ஒன்றே ஒன்று. அப்ப அவ கைய நான் பிடிச்சிருக்கயில அவளுக்கு எல்லாம் தெரிஞ்சுதா டாக்டர்? அன்றையிலிருந்துதான் அவர் தரையில் உட்கார ஆரம்பித்தார். பெஞ்சில் இடம் இருந்தாலும் தரைதான்.

அந்தத் தரையில் உட்கார்ந்தபடியேதான் இன்று காலையில் மிச்சத்தையும் கேட்டார். நேற்று வயிற்றை ஸ்கேன் செய்ததில் இடது சினைப்பையில் ஒரு கட்டி. பாருங்க, இந்த மாதிரிக் கட்டிக்குள்ள முடி இருக்கும், பல்லு இருக்கும், மூளையில இருக்கிற மாதிரித் தசைகூட இருக்கும், உடம்பு அதை எதிரின்னு நினைச்சு ஆள் அனுப்புது, அனுப்பின ஆளுங்க கட்டியோட நிக்காம, நிஜ மூளையையும் போய் அடிக்கிறாங்க, கட்டி உள்ள இருக்கிற வரைக்கும் ஆள் வந்துக்கிட்டேதான் இருப்பாங்க என்றார் டாக்டர். கட்டியோடு அந்தப் பக்கத்துச் சினைப்பையையும் எடுத்தாக வேண்டும். எவ்வளவு பெருசு டாக்டர்? எலுமிச்சங்காய் அளவு. எந்தத் தரம் என்று கேட்டார் என் புருஷன். டாக்டருக்குப் புரியவில்லை. இவர் கையைக் குவித்துக் காட்டுகிறார், இந்தா, முதல் தரமா, இல்ல இம்புட்டுத்தானா? எனக்கு அந்த இடத்தில் சிரிப்பு வந்தது, சிரிப்பு வந்த வேகத்தில் அழுகை வந்தது, இரண்டையும் விழுங்கிக்கொண்டு டிபன் கேரியரை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன். அப்போதுதான் அத்தை எழுந்தாள். தலையில நோவுன்னு கொண்டாந்தா வயித்த அறுக்கணும்ங்கீங்களே, கல்யாணம் ஆகாத புள்ளம்மா. ஒரு பக்கம்தாம்மா எடுக்கிறோம், இன்னொன்னு இருக்கு, அது போதும் குழந்தை பிறக்கிறதுக்கு. நீங்க சொல்லுவிய, நாளைக்கு வாறவன் கேப்பான்லா, பெத்தவ நான்லா தலகுனிஞ்சு நிக்கணும், ஒத்தப் பையோட புள்ள பெத்தவ ஒருத்தியக் காட்டுங்க பாப்போம், எங்கண்ணால பாத்துட்டுச் சம்மதிக்கேன். ஒருத்தி ஒன்றரை அடி தள்ளி நின்றுகொண்டிருந்தாள், டிபன் கேரியரோடு. டாக்டர் போனபிறகு அவரிடம் படிவத்தை நீட்டினேன். அவர் பேனாவை வாங்கி மூடியைத் திறந்து மறுபடி மூடினார். கோடாங்கியக் கூப்பிட நான் எடுத்த முடிவுலதாம்ட்டி அவ இப்பிடிக் கெடக்கா, இன்னொரு முடிவ என்னய எடுக்கச் சொல்லாத, அம்மா சொல்லட்டும். அம்மாவோ மாட்டேன் என்கிறாள். ஆக, கலா இருப்பதும் போவதும் இப்போது என் நாக்கில் இருக்கிறது, நாக்கு கேண்டீன் வரிசையில் நிற்கிறது. வெந்நீ வெந்நீ என்று டீ மாஸ்டர் கூப்பிட்டார். பிளாஸ்க்கை நீட்டினேன். பன்னிரண்டு இருபத்தெட்டு.

லிஃப்ட் நோயாளிகளுக்கு மட்டும். ஸ்ட்ரெச்சர் தள்ளுகிற சரிவுப் பாதையில் ஏறுகிறேன், ஒவ்வொரு மாடிக்கும் இரண்டு திருப்பம், நாலு மாடிக்கு எட்டுத் திருப்பம், எட்டாவது திருப்பத்தில் வாயைத் திறக்க வேண்டும். எப்படித் தொடங்குவது? அத்தான், ஒரு விஷயம். சேச்சே, ஒரு விஷயம் என்று தொடங்கினால் அடகுக்கு நகை கேட்கிற மாதிரி இருக்கும். அத்தான், கோவிச்சுக்கிடாதிய. கோபித்துக்கொள்ளாமல்? அம்மா எனக்கு எல்லாவற்றையும் சொல்லிக்கொடுத்தாள், இதை எப்படிச் சொல்வது என்று மட்டும் சொல்லித்தரவில்லை, எப்படிச் சொல்லாமல் இருப்பது என்றுதான் சொல்லித்தந்தாள். பன்னிரண்டாம் வகுப்புப் பரீட்சை முடிந்த அடுத்த வாரம், வயிற்று வலி, சும்மா வலியில்லை, சுருண்டு சுவரைப் பிறாண்டுகிற வலி, சங்கரன்கோவிலில் ஒரு நர்சிங்ஹோமில் போட்டு அவசரமாக அறுத்தார்கள், சினைப்பை முறுக்கிக்கொண்டு கறுத்துப்போய்விட்டது, எடுத்துவிட்டோம், ஒன்றும் பயமில்லை என்றார்களாம். மயக்கம் தெளிந்து கண்ணை விழித்ததும் அம்மா என் நெற்றியைத் தடவவில்லை, காதில் குனிந்தாள். ஏட்டி, அப்பெண்டிஸ் ஆபரேசன், யாரு கேட்டாலும் அப்பெண்டிஸ், வெளங்குதா? நாக்கு உலர்ந்து மேலண்ணத்தில் ஒட்டிக்கிடந்தது, தண்ணி என்றேன். மொதல்ல சொல்லு, என்ன ஆபரேசன்? அப்பெண்டிஸ் என்றேன். அப்புறம்தான் தண்ணீர் கொடுத்தாள், ஒரு கரண்டி. அம்மாவைக் குறை சொல்லி என்ன ஆகப்போகிறது, அவளுக்கு இரண்டு பெண்கள், ஊர் வாய், அந்தப் பயத்தில் அவள் செய்தாள். பெண் பார்க்க வந்த அன்றைக்கு வயித்துல என்னமும் ஆபரேசன் பண்ணியிருக்கா என்று அத்தையே கேட்டாள், அவள் எதையும் விடமாட்டாள், அப்பெண்டிஸ் மயினி, சின்ன வயசுல என்று அம்மா காபியை நீட்டிக்கொண்டே சொன்னாள். நான் கதவுக்குப் பின்னால் பூவைச் சரிசெய்துகொண்டு நின்றேன். தலைப்பிரசவம் தாய்வீட்டில்தானே, ஸ்கேன் எல்லாம் அம்மாவோடுதான் போனேன், ஆஸ்பத்திரி நோட்டைக்கூட அம்மாவே பீரோவில் வைத்துப் பூட்டிக்கொண்டாள். இவர் குழந்தையைப் பார்க்க எலுமிச்சை மணக்கிற சட்டையோடு ஓடிவந்து நின்றார், எம் புள்ளய எனக்கு முழுசாத் தந்துட்டடி என்று அழுதார். அன்றைக்குச் சொல்லியிருக்கலாம். குழந்தை கையில் இருக்கும்போது யார் கோபப்படுவார்கள்? சொல்லவில்லை. சந்தோஷத்தைக் கெடுப்பானேன் என்று நினைத்தேன். அப்புறம் ஒவ்வொரு வருஷமும் சொல்லாததற்கு ஒவ்வொரு காரணம் அழகாகக் கிடைத்துக்கொண்டே இருந்தது.

இரண்டாவது மாடி. ஒரு ஸ்ட்ரெச்சர் இறங்குகிறது, ஓரமா, ஓரமா என்கிறார் தள்ளுகிறவர், சுவரோடு ஒட்டி நிற்கிறேன், படுத்திருக்கிறவரின் கால் கட்டைவிரலில் மஞ்சள் பூச்சு, யாரோ, தாலி கழுத்தில் இருக்கிறது. பயம் எனக்கு அத்தையைப் பற்றி இல்லை. அத்தை கத்துவாள், ஒப்பாரி வைப்பாள், உங்கம்மைக்கு என்ன நெஞ்சழுத்தம் என்பாள், கத்தினால் ஆறிவிடும். இவரைப் பற்றித்தான். இவர் பொய்யைத் தாங்குகிற ஆளில்லை. வேலாயுதம் என்று ஒரு கூட்டாளி, பள்ளிக்கூடத்திலிருந்து சிநேகம், மூட்டைக்கு மேலே நல்ல காயை அடுக்கி அடியில் வெம்பலைப் போட்டுக் கேரளாவுக்கு ஏற்றிவிட்டான் என்று தெரிந்த அன்றோடு பேச்சை நிறுத்தியவர் இன்றுவரை பேசவில்லை, அவன் வீட்டுத் துக்கத்துக்குப் போய்த் தெருமுனையில் நின்றுவிட்டு வந்தார். தரம் கொறைஞ்ச காய்னு சொல்லியே வித்துருக்கலாம்லா, வாங்க ஆளில்லாமலா போகுது, ஏன் மறைக்கணும் என்று அன்றைக்கு எனக்குத்தான் விளக்கினார். நான் ஆமா அத்தான் என்றேன். வாங்க ஆளிருக்கா என்று அப்போது கேட்டிருக்க வேண்டும். இப்போது போய், நானும் அப்படி ஏற்றிவிட்ட மூட்டைதான் என்றால்? தங்கச்சி உள்ளே கிடக்கிறாள், அம்மா முறுக்கிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள், சாய்ந்துகொள்ள நான் ஒருத்திதான் இருக்கிறேன், அந்த ஒன்றையும் இன்றைக்குத்தானா உருவ வேண்டும்? டாக்டர் ஜெசிந்தாவிடம் தனியாகச் சொல்லி அவர் மூலமாக ஏதாவது, வேறு யாரோ ஒரு பெண் என்று பெயர் சொல்லாமல், இல்லையென்றால் என் பெரியம்மா மகள் ஒருத்திக்கு என்று ஒரு கதை. பார், பொய் எவ்வளவு தடையில்லாமல் வருகிறது. பெரியம்மா மகளுக்கு உடனே பெயர்கூட வந்துவிட்டது. அத்தை விடமாட்டாள், போன் போடு, அவகிட்ட நான் பேசுதேன் என்பாள். வேண்டாம், கதையெல்லாம் வேண்டாம். என் வாயால், என் உடம்பைப் பற்றி. செல்வி, நட.

மூன்றாவது மாடித் திருப்பத்தில் மூச்சு வாங்குகிறது. ஜன்னல் திண்டில் பிளாஸ்க்கை வைத்துவிட்டு நிற்கிறேன், பன்னிரண்டு முப்பத்தாறு, கீழே ஆட்டோக்கள், வெயில். அவளுக்குத் தெரியும். இந்தப் பூமியில் என் அம்மாவையும் ஆஸ்பத்திரிக்காரர்களையும் விட்டால் கலாவுக்கு மட்டும்தான் தெரியும். அவள் பதினொன்று படித்துக்கொண்டிருந்தாள், குற்றாலத்துக்குப் போயிருந்தோம், பெண்கள் பக்கத்தில் குளித்துவிட்டு ஈரச்சேலையை மாற்றிக்கொண்டிருந்தேன், துண்டை விரித்து மறைப்புப் பிடித்துக்கொண்டிருந்தவள் என் வயிற்றைப் பார்த்தாள். மயினி, இது என்ன? அப்பெண்டிஸ். அப்பெண்டிக்ஸ் வலது பக்கம்லா இருக்கும், ஒங்களுக்கு இடது பக்கத்துல தச்சிருக்காவ? விலங்கியல்காரி! எட்டு மாடி உயரத்திலிருந்து விழுகிற அருவிச் சத்தத்திலும் எனக்கு அந்தக் கேள்வி கணீரென்று கேட்டது. ஈரச்சேலையை வயிற்றோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டேன். அவள் என் முகத்தைப் பார்த்தாள், பார்த்துக்கொண்டே துண்டை இன்னும் கொஞ்சம் உயர்த்திப் பிடித்தாள். சரி சரி, சேலையக் கெட்டுங்க, எல்லாரும் வாராவ என்றாள். அவ்வளவுதான். அதற்கப்புறம் ஒரு நாள், ஒரு சண்டையில்கூட, நாத்தனாளும் மதினியும் சண்டை போடாத வீடு உண்டா, அவள் சார்ஜரை நான் எடுத்ததற்கு என்னை என்னவெல்லாமோ சொல்லியிருக்கிறாள், ஒரு நாள்கூட அதை எடுத்து வீசவில்லை. நான் என்ன நினைத்தேன் தெரியுமா? நேற்றுக் காலையில் கண்ணாடிக் கதவு வழியாக அவள் வாய் மெல்வதைப் பார்த்துக்கொண்டு நிற்கையில் ஒரு நினைப்பு வந்தது. இவள் எழுந்திருக்காவிட்டால் இவளுக்குத் தெரிந்தது இவளோடு போய்விடும் என்று. வந்தது. வரவில்லை என்று சொன்னால் அது ஒன்பதாவது வருஷப் பொய். எங்கிருந்து வந்தது அந்தச் சனியன் நினைப்பு, ஒரு நொடி இருக்குமா, அரை நொடி, வந்து எட்டிப்பார்த்துவிட்டுப் போய்விட்டது, நான் அவளை என் பிள்ளைபோலத்தான் நினைக்கிறேன், சத்தியமாக, இருந்தும் வந்தது. பயம் ஒரு மனுஷியை இந்த இடம்வரைக்கும் கூட்டிக்கொண்டு வந்து நிறுத்தும் என்றால் அப்படிப்பட்ட பயம் எனக்கு வேண்டாம். அடுப்படியில் ஒரு தடவை வாயை மூடிக்கொண்டேன், பதினேழு நாள் போனது. இன்றைக்கும் மூடிக்கொண்டால் திங்கட்கிழமை வரும், திங்கட்கிழமை யார் இருப்பார்கள் என்று யாருக்குத் தெரியும். இவர் என்னோடு பேசாமல் போகட்டும். தெருமுனையில் நிற்கட்டும். என்னை அம்மா வீட்டுக்கு அனுப்பட்டும், அகிலனைக் கூட்டிக்கொண்டு போகிறேன், சேவை மையம் சங்கரன்கோவிலிலும் இருக்கிறது. கலா உயிரோடு இருந்து, யார் சொல்வது சரியென்று அங்கே வந்து என்னோடு சண்டை போடட்டும். பிளாஸ்க்கை எடுத்தேன், கைப்பிடி சுட்டது.

நாலாவது மாடி. அவர் அதே சுவரோரம், முழங்காலில் தாடையை வைத்துக்கொண்டு. அத்தை பெஞ்சில் முந்தானையைப் போர்த்தி உட்கார்ந்திருந்தாள், மடியில் விபூதிப் பொட்டலம். படிவம் பெஞ்சில் அவளுக்குப் பக்கத்தில், அதன்மேல் காற்றுக்குப் பறக்காமல் என் செல்போன் சார்ஜர். பிளாஸ்க்கைக் கீழே வைத்தேன். வழியெல்லாம் அடுக்கிக்கொண்டு வந்த நாலு வாக்கியத்தில் ஒன்றுகூட இல்லை, துடைத்துவிட்ட மாதிரி. அத்தான் என்றேன். அவர் தலையைத் தூக்கவில்லை. எனக்கும் இல்ல அத்தான். என்னது இல்ல? இடது பக்கம், எனக்கும் எடுத்துட்டாங்க, கல்யாணத்துக்கு முந்தி, பதினெட்டு வயசுல, அது அப்பெண்டிஸ் இல்ல, பொய் சொன்னோம், எங்கம்மையும் சொன்னா, நானும் சொன்னேன், எனக்கு ஒண்ணுதான் இருக்கு, ஒண்ணோடதான் அகிலனப் பெத்தேன். தலைகால் இல்லாமல் கொட்டிவிட்டேன். குரல் ஏறிப்போயிருக்க வேண்டும், எதிர்ப் பெஞ்சில் உட்கார்ந்திருந்த இரண்டு பேர் திரும்பிப் பார்த்தார்கள். அவர் இப்போது என்னைப் பார்த்தார். மண்டியில் காயைப் பார்க்கிற பார்வை எனக்குத் தெரியும், அது இல்லை இது, இது வெறும் பார்வை, அதற்குள் என்ன இருக்கிறது என்று எனக்குப் படிக்கத் தெரியவில்லை. அகிலு அதுக்குப் பொறவா பொறந்தான் என்று கேட்டார். ஆமா அத்தான், அஞ்சு வருசங் கழிச்சு. அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். கண்ணாடிக் கதவுப் பக்கம்.

அத்தை எழுந்து வந்தாள். அடிக்கப் போகிறாள் என்றுதான் நினைத்தேன், அடிக்கட்டும் என்று நின்றேன். என் அடிவயிற்றைப் பார்த்தாள், முகத்தைப் பார்த்தாள், மறுபடி அடிவயிற்றைப் பார்த்தாள். அப்பெண்டிஸ்னு எம் மொகத்தப் பாத்துச் சொன்னா உங்கம்ம, காப்பிய வேற நீட்டிக்கிட்டு, நான் அத வாங்கிக் குடிச்சேன் என்றாள். ஆமா அத்தை. உங்கம்மைய நான் சும்மா விடுவேன்னு நெனையாத, ஊருக்கு வந்து வாசல்ல நின்னு கேப்பேன். கேளுங்க அத்தை. கையிலிருந்த விபூதிப் பொட்டலத்தைக் கசக்கினாள். சட்டென்று அவர் பக்கம் திரும்பி, ஏல, இன்னும் என்னத்தப் பாத்துக்கிட்டு உக்காந்திருக்க, நேரம் ஆகுதுலா, போயி கையெழுத்தப் போடு என்று ஒரு சத்தம் போட்டாள், சத்தம் பாதியிலேயே அழுகையாக உடைந்தது.

அவர் சுவரைப் பிடித்துக்கொண்டு எழுந்தார். படிவத்தை எடுத்துக்கொண்டு நர்ஸ் மேஜைக்குப் போனார். நான் பின்னால் போனேன், கூப்பிடவில்லை, போனேன், வேறெங்கே போவது. பன்னிரண்டு நாற்பத்தேழு. நர்ஸ் காட்டிய இடத்திலெல்லாம் கோமதிநாயகம், கோமதிநாயகம் என்று மூன்று தடவை போட்டார். இன்னொருத்தர் சாட்சிக் கையெழுத்துப் போடணும், வீட்டு ஆளுங்க யாராவது என்றாள் நர்ஸ். அவர் திரும்பாமலே பேனாவைப் பின்பக்கமாக நீட்டினார். வாங்கினேன், விரல் படாமல் வாங்கினேன். என் முழுப்பெயரை, ஆவுடைச்செல்வி என்று எழுதினேன். நீங்க பேஷண்டுக்கு என்ன வேணும் என்று நர்ஸ் கேட்டாள். இந்த நிமிஷத்தில் நான் இவர்களுக்கு என்ன வேண்டும் என்று நான் எப்படிச் சொல்வது? அவர் கண்ணாடிக் கதவைப் பார்த்தபடியே, இன்னமும் என்னைப் பார்க்காமலே சொன்னார். அவளுக்கு மதினி சிஸ்டர். எம் பொண்டாட்டி.